உப்புத் தண்ணீரில் ஒரு நாப்பி

ஐந்தாம் மாதத்தில் ஒரு மதியம், சாம்பிள் ரூமில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, 56 சைஸ் பாடிசூட் ஒன்றை எடுத்து என் வயிற்றின் மேல் விரித்துப் பார்த்தேன். 56 என்பது ஐரோப்பியக் கணக்கு. 56 சென்டிமீட்டர் நீளமுள்ள குழந்தைக்கானது. பிறந்து ஒன்றிரண்டு மாதம் வரை தாங்கும். பத்து வருடமாக ஸ்பெக் ஷீட்டில், அதாவது துணியின் அளவு விவரத் தாளில், இந்த சைஸோடு மாரடித்துக்கொண்டிருக்கிறேன். மார்பு அகலம் எவ்வளவு, கழுத்து எவ்வளவு விரிய வேண்டும், பிரஸ் பட்டன் எவ்வளவு இழுப்புக்குத் தாங்க வேண்டும் எல்லாம் மனப்பாடம். அதற்குள் ஒரு ஆள் இருக்கும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

நான் வேலை பார்ப்பது திருப்பூரில், குழந்தை உடைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில். மெர்ச்சன்டைசர். 'ஆர்கானிக்', 'சஸ்டெய்னபிள்' என்ற இரண்டு வார்த்தைகள் இல்லாமல் பையரிடமிருந்து ஒரு மெயில் வராது. அதனால் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நினைப்பு: "உனக்கென்ன கண்ணு, எது நல்லதுன்னு உனக்குத் தெரியாததா?" தெரிந்துவைத்திருப்பதுதான் சிக்கலே. மிட்டாய்க் கடைக்காரர் வீட்டில் மிட்டாய் இறங்காத கதை.

வளைகாப்பு முடிந்த ராத்திரி என் கணவர் போனை நீட்டினார். ஆன்லைன் கார்ட் நிறைய சாமான். மூங்கில் டயபர், ஆர்கானிக் ஸ்வாடில் (குழந்தையைச் சுற்றிவைக்கும் துணி), கோதுமை வைக்கோலில் செய்த தட்டு, கண்ணாடிப் பால் புட்டி, 'கெமிக்கலே இல்லாத' பேபி வாஷ். மொத்தம் 23,400 ரூபாய். "எல்லாமே ஈகோ ஃப்ரெண்ட்லி, பாரு" என்றார். அவர் நிட்டிங் யூனிட்டில் இருப்பவர். மெஷினைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவார். லேபிளைப் பார்த்தால் நம்பிவிடுவார்.

நல்லவேளை, அத்தை குறுக்கே வந்தார். வயிற்றுப் பிள்ளைக்கு முன்கூட்டியே எதுவும் வாங்கக் கூடாது. அது எங்கள் பக்கத்துச் சட்டம். தொட்டில், துணி, பொம்மை எதுவாக இருந்தாலும் பிள்ளை பிறந்த பிறகுதான். ஆக, கார்ட் கார்ட்டாகவே கிடந்தது. தினம் ராத்திரி நான் அதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு வந்தேன்.

முதலில் போனது மூங்கில். மூங்கிலிலிருந்து நேராக நூல் எடுத்துத் துணி செய்வது அபூர்வம். கடையில் 'பேம்பூ' என்று மெத்தென்று இருப்பதெல்லாம் பெரும்பாலும் விஸ்கோஸ். மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவும் கார்பன் டைசல்பைடும் சேர்த்துக் கரைத்து, திரும்ப இழையாக இழுப்பார்கள். கார்பன் டைசல்பைடு அந்த ஆலையில் வேலை செய்பவர்களின் நரம்பைப் பாதிக்கக்கூடியது. துணியாக வந்த பிறகு அதில் மூங்கிலின் குணம் என்று எதுவும் மிச்சமில்லை. விஸ்கோஸை மூங்கில் என்று சொல்லி விற்றதற்காக 2009-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் சில நிறுவனங்கள் மேல் நடவடிக்கையே எடுத்தது. இதை என் கணவரிடம் சொன்னபோது, "அப்போ பாண்டா படம் எதுக்குப் போட்டிருக்கான்?" என்று கேட்டார். கோதுமை வைக்கோல் தட்டும் அதே ராத்திரி போனது. வைக்கோல் தூளைப் பிடித்துவைக்கப் பெரும்பாலும் உள்ளே பிளாஸ்டிக்தான் கலந்திருக்கும்.

ஆர்கானிக் ஸ்வாடிலை உடனே நீக்க மனது வரவில்லை. அது என் சோறு.

இந்த லேபிள்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓகோ டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்று ஒன்று உண்டு. அது முடிந்த துணியில் கெடுதலான பொருள் இருக்கிறதா என்று சோதிப்பது. மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் துணிதான் அதில் முதல் வகுப்பு, கட்டுப்பாடும் அதற்குத்தான் அதிகம். ஆனால் பருத்தி எங்கே விளைந்தது, சாயத் தண்ணீர் எங்கே போனது என்று அது கேட்காது. கோட்ஸ் என்ற ஆர்கானிக் துணிச் சான்று கேட்கும். பஞ்சிலிருந்து தொடங்கி நூல், நிட்டிங், சாயம், தையல் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் சர்டிபிகேட் வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும். தொழிலாளர் விஷயமும் அதில் வரும். 95 சதவீதத்துக்கு மேல் ஆர்கானிக் இழை இருந்தால் ஒரு லேபிள், 70-க்கு மேல் இருந்தால் இன்னொரு லேபிள். சும்மா 'ஆர்கானிக் காட்டன்' என்று இலைப் படம் போட்டிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உண்மையான கோட்ஸ் லேபிளில் சான்று கொடுத்த அமைப்பின் பெயரும் லைசென்ஸ் நம்பரும் இருக்கும்; அவர்களுடைய இணையதளத்தில் போட்டால் கம்பெனி பெயர் வரும். என் கணவர் கார்ட்டில் போட்டிருந்த மூன்று ஸ்வாடில்களில் ஒன்றில்தான் நம்பர் இருந்தது.

சரி, நம்பர் இருந்தால் முடிந்ததா? ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் டிசி (டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட்) என்று ஒரு காகிதம் போக வேண்டும், இவ்வளவு கிலோ இவரிடமிருந்து இவருக்குப் போனது என்று. 2020 அக்டோபரில் இந்தியாவில் பஞ்சுக்கான டிசிகளையே போலியாகத் தயாரித்திருந்ததை கோட்ஸ் அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது. 20,000 டன் பஞ்சு. 11 கம்பெனிகளைத் தடை செய்தார்கள். அந்த வாரம் எங்கள் ஆபீஸில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எங்கள் காகிதங்கள் சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் ஒவ்வொரு பையரும் போன் போட்டு, எங்கள் பஞ்சு எந்த ஊர்ப் பஞ்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இதையெல்லாம் சொல்வதால் லேபிள் வீண் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சுத்திகரிப்பு விஷயம் ஒன்றுக்காகவே கோட்ஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஏனென்றால் என் அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின், தோட்டம் ஒரத்துப்பாளையம் பக்கம்.

நொய்யல் ஆற்றுக்குக் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது, பாசனத்துக்காக. சில வருடங்களிலேயே அது திருப்பூர்ச் சாயக் கழிவின் தொட்டியாகிவிட்டது. சாயம் என்றதும் எல்லோரும் நிறத்தைத்தான் நினைப்பார்கள். உண்மையான எதிரி உப்பு. பருத்தியில் சாயம் ஏற, சாயத் தொட்டியில் உப்பை அள்ளிக் கொட்ட வேண்டும். நிறம் துணியில் ஒட்டும். உப்பு அப்படியே தண்ணீரோடு வெளியே போகும். அது கிணற்றில் இறங்கியது. அப்புச்சியின் தென்னையில் காய் சிறுத்தது, பிறகு குருத்து காய்ந்தது. சின்ன வயதில் லீவுக்குப் போனால் அமுச்சி (அம்மாவின் அம்மா) முதலில் சொல்வது, "கெணத்துத் தண்ணியில மூஞ்சி கழுவாத சாமி, குடத்துல இருக்கு." விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். திருப்பூரே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. என் அப்பாவுக்கு டைலர் வேலை. அந்த வருடம் வீட்டில் சம்பளம் இல்லை. ஒரே குடும்பத்தில் ஒரு பக்கம் அழுகை, இன்னொரு பக்கம் "இப்பவாச்சும் மூடுனாங்களே".

இப்போது ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்பது விதி. தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்ப எடுக்கிறார்கள், கடைசியில் மிஞ்சுவதை ஆவியாக்குகிறார்கள். அந்த ஆவியாக்கலுக்கு பாய்லரில் விறகு எரிகிறது. எந்த உபயோகமும் இல்லாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேர்கிறது.

எனவே குழந்தைக்குத் துணி எடுக்கும் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நான் சொல்வது இதுதான்: வெளிர் நிறம் எடுங்கள், முடிந்தால் சாயமே போடாத, பஞ்சின் இயல்பான நிறத்திலேயே இருக்கும் துணி. நிறம் அடர்த்தியாக ஆக உப்பும் கூடும். 'பேபி ஃபோட்டோ ஷூட்'டுக்கு இப்போது கறுப்பு ரோம்பர் கேட்கிறார்கள். ஆர்கானிக் பஞ்சில் கறுப்பு ரோம்பர்! ஆர்டர் வந்தால் சந்தோஷமாகப் போட்டுக் கொடுப்பேன், அது வேறு விஷயம்.

புதுத் துணி எதுவாக இருந்தாலும் துவைக்காமல் போடக் கூடாது என்பதையும் என் தொழில் சொல்லிக்கொடுத்தது. சுருக்கம் விழாமல் இருக்கப் போடும் சில ஃபினிஷிங்கில் ஃபார்மால்டிஹைடு உண்டு. ஓகோ டெக்ஸ் அளவுப்படி பெரியவர்களின் தோலில் படும் துணிக்கு 75 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சத்தில் 75 பங்கு வரை, விடுகிறார்கள். கைக்குழந்தைத் துணியில் அநேகமாக இருக்கவே கூடாது. துவைத்தால் பெருமளவு போய்விடும். அப்படிப் பார்த்தால், நூறு தடவை துவைத்த துணிதான் உலகத்திலேயே சுத்தமான துணி. அதற்கு எந்த லேபிளும் வேண்டாம். இந்த இடத்தில்தான் அத்தையும் நானும் ஒரே பக்கம் வந்து நின்றோம். பிறந்த பிள்ளைக்கு முதல் துணி புதுசாக இருக்கக் கூடாது, நீண்ட நாள் வாழ்ந்த பெரியவரின் பழைய வேட்டியாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அப்புச்சிக்கு 86 வயது. அவருடைய நாலு முழம் வேட்டிகள் மூன்றை அம்மா எடுத்துவந்தார். விளிம்புக் கரையைக் கிழித்துவிட்டு நடுத்துணியைத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் லேபில் எந்த மிஷினும் அந்த மென்மையைக் கொண்டுவராது. ஸ்வாடில் கார்ட்டிலிருந்து போனது.

ஆனால் பழசு என்றாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. இதே அப்புச்சி வீட்டிலிருந்து ஒரு மரத் தொட்டிலும் வந்தது. அம்மா, மாமா, நான் எல்லோரும் கிடந்த தொட்டில். கம்பிகளில் பச்சை எனாமல் பெயின்ட், அங்கங்கே செதில் செதிலாக உரிந்து கிடந்தது. என் கணவர் உப்புத்தாள் வாங்கிவந்து உட்கார்ந்துவிட்டார். முதல் இழுப்பிலேயே பச்சைத் தூள் பறந்தது. எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்து, "மாமா, நிறுத்துங்க!" என்று கத்தியபடி வாசலுக்குப் போய்விட்டேன். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமலில், அதிலும் பச்சை, மஞ்சள், சிவப்பில், ஈயம் ஏராளமாக இருக்க வாய்ப்பு உண்டு. தேய்த்தால் தூசியாகப் பறக்கும். கர்ப்பிணி மூச்சில் இழுத்தால் பிள்ளைக்கும் போகும். சுரண்டாமல் விட்டால், பல் முளைக்கும் காலத்தில் பிள்ளை கம்பியைக் கடிக்கும். தரையை ஈரத்துணியால் நாலு தடவை துடைத்தார். தொட்டில் இப்போது மொட்டை மாடி அறையில், தார்ப்பாய் சுற்றி. "நாங்கெல்லாம் அதுலதான வளந்தோம்" என்று அம்மாவுக்கு இன்னும் வருத்தம்.

கண் மை, வசம்பு, சாம்பிராணிப் புகை, பவுடர் எல்லாவற்றுக்கும் இதே வாக்குவாதம்தான். எங்கள் டாக்டர் நான்கையும் வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். வசம்பைக் கயிற்றில் கட்டிக் கையில் போடக்கூடாது, வாயில் வைக்கும் என்றார். தூளி? பக்கத்தில் ஆள் இருக்கும்போது பகலில் சரி, ராத்திரியில் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கத்தான் என்றார். அத்தை பேசாமல் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும், "மையைப் பாதத்துல வெச்சுக்கலாமில்ல?" என்று என்னைக் கேட்டார். வைத்துக்கொள்ளலாம் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

பால் புட்டி விஷயம் சீக்கிரம் முடிந்தது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறார்கள். புட்டிக்கு விளம்பரம் செய்யவே நம் நாட்டில் 1992-ஆம் வருடச் சட்டப்படி தடை. பால் போதாமல் எடுத்துக் கொடுக்க வேண்டிவந்தால் பாலாடை, அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், இருக்கிறது. பச்சிளம் குழந்தைகள் வார்டிலேயே அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எங்கள் வீட்டில் அமுச்சியின் வெள்ளிச் சங்கு ஒன்று உண்டு. கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தால் வேலை முடிந்தது. நிப்பிளும் பிரஷ்ஷும் வேண்டாம். கண்ணாடிப் புட்டி, 1,200 ரூபாய், போனது.

கடைசியாக டயபர். இதில்தான் நாங்கள் சண்டையே போட்டோம்.

கடையில் விற்கும் டயபர் என்பது மரக்கூழ், உள்ளே ஈரத்தை உறிஞ்சிக் களியாகும் சோடியம் பாலிஅக்ரிலேட் குருணை, மேலும் கீழும் பிளாஸ்டிக் படலம். மக்கும் டயபர் என்று விற்பதிலும் பெரும்பாலும் அந்தக் குருணை இருக்கத்தான் செய்யும். அது மக்குவதற்கான ஏற்பாடும் நம் ஊரில் கிடையாது. குப்பை மேட்டுக்குத்தான் போகும். அதனால் துணிதான் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். நவீனத் துணி டயபரைப் பிரித்துப் பார்த்தால் அதிலும் வெளி உறை பாலியூரித்தேன் பூசிய பாலியஸ்டர், உள்ளே வைக்கும் பேட் பல சமயம் மைக்ரோஃபைபர். அதுவும் பிளாஸ்டிக்தான், ஒரே வித்தியாசம், இதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

என் கணவர் எங்கிருந்தோ ஓர் ஆய்வைத் தேடிக் கொண்டுவந்தார். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்டது. ஒரு குழந்தைக்கு இரண்டரை வயது வரை டிஸ்போசபிள் போட்டால் சுமார் 550 கிலோ கரியமில வாயுக் கணக்கு. துணி போட்டால் சுமார் 570 கிலோ. "பாத்தியா?" என்றார். நான் மீதியையும் படிக்கச் சொன்னேன். மெஷின் நிறையத் துணி போட்டு, வெளியே கொடியில் காயவைத்து, அடுத்த பிள்ளைக்கும் அதையே கட்டினால் துணியின் கணக்கில் 200 கிலோ குறைகிறது. 90 டிகிரி சுடுநீரில் துவைத்து டிரையரில் உலர்த்தினால் எங்கேயோ போகிறது. 2023-இல் அதே நாட்டில் வந்த புதிய ஆய்வில் துணிதான் 25 சதவீதம் குறைவு. திருப்பூரில் யார் டிரையர் வைத்திருக்கிறார்கள்? சித்திரை வெயில் நமக்கு இலவசம். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

"சரி, யாரு தொவைக்கறது?" என்றார் அத்தை, காய் நறுக்கிக்கொண்டே.

அந்த ஆய்வில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பச்சைப் பிள்ளை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நனைக்கும். பிள்ளை பெற்றவள் துவைக்கக் கூடாது. அம்மாவுக்கு முழங்கால் வலி. அத்தை மில்லுக்குப் போகிறார். உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு கடைசியில் ஏதோ ஒரு பெண்ணின் இடுப்பில் வந்து உட்காருகிறது. என் கணவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் தொவைக்கறேன்" என்றார். நாங்கள் மூன்று பெண்களும் அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. அப்புச்சி வேட்டியில் ஒன்றை இருபது துண்டாகக் கிழித்தார். ஒத்திகை. எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் ஆறு நாளுக்கு ஒருமுறை வரும். மற்றதெல்லாம் போர் தண்ணீர், உப்பு. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிதிரியாக மிதக்கும். ஊறவைத்து, துவைத்து, மூன்று தடவை அலசினார். ஐந்து பக்கெட். மாடியில் காயப்போட்டு மதியம் எடுத்தபோது ஒவ்வொன்றும் காய்ந்த அப்பளம் மாதிரி நின்றது. கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். விளிம்பு குத்தியது. மூன்று தலைமுறைக்கு முன் நொய்யலில் துவைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று அம்மா சொன்னார்.

அடுத்த ஞாயிறு, துவைப்பது போர் தண்ணீரில், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில் என்று மாற்றினார். உதறி உதறிக் காயப்போட்டார். பரவாயில்லை, கையில் கசங்கும் அளவுக்கு வந்தது. நல்ல தண்ணீருக்குத் தனியாக ஒரு டிரம் வாங்கியிருக்கிறோம். பிள்ளைக்கென்று வாங்கியது அல்ல என்று அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

இருந்தாலும் எனக்கு நாள் கொடுத்திருப்பது ஐப்பசி. அடைமழையில் இருபது துணி எங்கே காயும்? ராத்திரிக்கும் மழை நாளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் டிஸ்போசபிள் என்று நானே இறங்கிவந்தேன். அதை எப்படித் தூக்கிப்போடுவது என்று கேட்டது குப்பை வண்டியில் வரும் அக்காவிடம். "தனியா பேப்பர்ல சுத்தி, மேல ஒரு செவப்புக் கோடு போட்டுக் குடு கண்ணு. எல்லாரும் காய்கறித் தோலோட சேத்துப் போட்டுடறாங்க. நாங்க கையால இல்ல பிரிக்கறோம்" என்றார். டயபரோடு சுற்றிப்போட உறையும் கொடுக்க வேண்டியது தயாரிப்பாளர் பொறுப்பு என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தது. நான் பார்த்த பாக்கெட்டுகளில் உறை இருந்த நினைவில்லை. பழைய தினத்தாள்களைக் கடைக்குப் போடாமல் சேர்த்துவைக்க ஆரம்பித்திருக்கிறேன்.

பொம்மைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பனையோலைக் கிலுகிலுப்பை ஒன்று, அப்புறம் நடக்கிற வயதில் மர நடைவண்டி. உள்ளே உட்காரவைத்து உருட்டும் பிளாஸ்டிக் வாக்கரைக் கனடாவில் 2004-லேயே தடை செய்துவிட்டார்கள். நம் நடைவண்டியில் பிள்ளை தானே நின்று தள்ள வேண்டும். பெயின்ட் அடிக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். கார்ட்டில் இப்போது மிச்சமிருப்பது ஒரே ஒரு ரப்பர் ஷீட், 340 ரூபாய்.

நேற்று மூன்றாவது ஒத்திகை. மாடிக் கொடியில் இருபது வெள்ளைத் துண்டுகளும் வரிசையாகக் காற்றில் ஆடின. எதிர் வீட்டு அக்கா மாடிக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏனுங் தம்பி, சொல்லவே இல்ல? என்ன குழந்தைங்க?"

கீழே அத்தைக்கு இது கேட்டுவிட்டது. தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது.

"இன்னும் ஆகலீங்க அக்கா" என்றார் என் கணவர், கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு. "தண்ணி டெஸ்ட் பண்ணிட்டிருக்கேன்."